முதல் மூன்றும் தோல்வி, அடுத்த நான்கில் மூன்று வெற்றி: அணி உண்மையில் முன்னேறியதா?

தம்பி, வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் நீங்கள் உதவிப் பயிற்றுநராக இருக்கும் கல்லூரியின் 20 வயதுக்குட்பட்ட கூடைப்பந்தாட்ட அணி இந்தப் பருவத்தில் 7 ஆட்டம் ஆடியிருக்கிறது. முதல் 3 ஆட்டமும் தோல்வி. அடுத்த 4 ஆட்டத்தில் 3 வெற்றி. முதல் மூன்றில் சராசரியாக 50 புள்ளி எடுத்தவர்கள், பிந்திய நான்கில் 60 எடுத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி அணிகளைப் புள்ளிவிவரத்தால் அலசுவதுபோல இதையும் அலசி, இது உண்மையான முன்னேற்றமா அதிர்ஷ்டமா என்று சொல்லமுடியுமா என்று கேட்கிறீர்கள்.

ஓரளவுக்குச் சொல்லமுடியும். ஆனால் 50, 60 என்ற அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது. என் முடிவை முன்னுக்கே சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகள் பந்தைப் பறிகொடுப்பது குறைந்திருந்தால் முன்னேற்றத்தை நம்புங்கள். த்ரீ பொயின்ட், அதாவது தூரக் கோட்டுக்கு வெளியே நின்று எறியும் மூன்று புள்ளி எறிகை, விழத் தொடங்கியிருப்பதுதான் காரணம் என்றால் கொஞ்சம் பொறுங்கள். ஏன் அப்படி என்பதற்குத்தான் கீழே இவ்வளவு எழுதுகிறேன்.

நான் கணிதம் படிப்பிப்பவன். பல வருடங்கள் ஆட்ட மேசையில் இருந்து ஸ்கோர் ஷீட் நிரப்பியிருக்கிறேன். அந்தத் தாளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். முதலாம், மூன்றாம் கால்பகுதிகள் சிவப்புப் பேனையில், இரண்டாம், நான்காம் கால்பகுதிகள் நீலத்தில் அல்லது கறுப்பில் இருக்கும். கூடை விழுந்தால் அந்தப் புள்ளி எண்ணின் மேல் ஒரு சாய்கோடு. ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் ஃபவுலுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் எறிகை, விழுந்தால் நிரப்பிய ஒரு பொட்டு. மூன்று புள்ளி என்றால் வீரரின் இலக்கத்தைச் சுற்றி வட்டம். எல்லாம் விழுந்த பந்துகளின் கணக்கு. எறிந்து விழாமல் போனவை, வளையத்தில் பட்டுத் திரும்பி வந்ததை யார் பிடித்தார், எத்தனை தரம் பந்தைப் பறிகொடுத்தோம் என்பதெல்லாம் அந்தத் தாளில் கிடையாது. அணி முன்னேறுகிறதா என்பது கிட்டத்தட்ட முழுக்க அந்த எழுதப்படாத பகுதியில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் தாளிலிருந்து மீட்கலாம். எதிரணியின் ஃபவுல் கட்டங்களில் 'பி' போன்ற எழுத்துகளின் பக்கத்தில் சின்னதாக 1, 2 அல்லது 3 என்று எழுதியிருக்கும். உங்களுக்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோக்களின் எண்ணிக்கை அது. எல்லாவற்றையும் கூட்டினால் எத்தனை எறிந்தீர்கள் என்று வந்துவிடும். விழுந்தவை பொட்டுகளில் இருக்கின்றன. ஆக, ஃப்ரீ த்ரோ வீதத்தை 7 ஆட்டத்துக்கும் இன்றைக்கே எடுக்கலாம்.

மற்றவற்றுக்கு ஒரு சீ.ஆர். கொப்பி வேண்டும். பெஞ்சில் இருக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு பக்கத்தில் அரை மைதானத்தைக் கீறி, எறிந்த இடத்தில் விழுந்தால் வட்டம், விழாவிட்டால் பெருக்கல் அடையாளம். மற்றப் பக்கத்தில் மூன்று நிரல்கள்: நாங்கள் எறிந்து தவறியதை நாங்களே பிடித்தது, எதிரணி பிடித்தது, பந்தைப் பறிகொடுத்தது. எதிரணிக்கும் இதே மாதிரி ஒரு பக்கம். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு ஓர் அணி. பழைய ஆட்டங்களை யாராவது பெற்றோர் தொலைபேசியில் முழுதாகப் பதிந்திருந்தால் அதிலிருந்தும் எடுக்கலாம். ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் போகும். அந்த வேலைக்குப் பதிலாக வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

சரி, இனிக் கணக்குக்கு வருவோம். கீழே வரும் உதாரண எண்கள் முறை விளங்குவதற்காக நான் வைத்தவை. உங்கள் எண்களை அந்த இடங்களில் போட்டுப் பாருங்கள்.

முதல் வேலை, புள்ளியை ஆட்டத்தால் வகுக்காமல் பொசெஷனால் வகுப்பது. பந்து உங்கள் கைக்கு வந்து, எதிரணியின் கைக்குப் போகும்வரை ஒரு பொசெஷன். நீங்கள் எறிந்து தவறவிட்டு, திரும்பி வந்த பந்தை நீங்களே பிடித்தால் அதே பொசெஷன் தொடர்கிறது. கணக்கிடும் வழி: எறிந்த ஷொட்கள், கூட்டல் 0.44 தர ஃப்ரீ த்ரோக்கள், கழித்தல் நாங்கள் எறிந்து தவறித் திரும்பி வந்ததை நாங்களே பிடித்த ரிபவுண்ட்கள், கூட்டல் பறிகொடுத்த பந்துகள். 0.44 எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டு ஃப்ரீ த்ரோ ஒரு பொசெஷனை முடிக்கும் என்றால் 0.5 வரவேண்டும். ஆனால் கூடையும் விழுந்து ஃபவுலும் கிடைத்தால் வரும் ஒற்றை ஃப்ரீ த்ரோ, ஒழுங்குமீறலுக்கான டெக்னிக்கல் ஃபவுலுக்கு வருவது, இவை தனியாக ஒரு பொசெஷனைத் தின்பதில்லை. அதனால் கொஞ்சம் குறைகிறது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களை அலசும் கென் பொமெரோய் 0.475 என்று எடுக்கிறார். எதை எடுத்தாலும் 7 ஆட்டத்துக்கும் ஒன்றையே எடுங்கள், போதும்.

இப்போது பாருங்கள். ஓர் ஆட்டத்தில் 62 ஷொட், 10 ஃப்ரீ த்ரோ, நாங்களே பிடித்த ரிபவுண்ட் 12, பறிகொடுத்தது 24. கணக்குப் போட்டால் 78.4 பொசெஷன். 50 புள்ளி எடுத்தால் பொசெஷனுக்கு 0.64. இன்னோர் ஆட்டத்தில் 75 ஷொட், 15 ஃப்ரீ த்ரோ, ரிபவுண்ட் 13, பறிகொடுத்தது 24. வருவது 92.6 பொசெஷன். 60 புள்ளி எடுத்தால் பொசெஷனுக்கு 0.65. ஸ்கோர் பலகையில் 50, 60 ஆகிவிட்டது, அதாவது 20 வீத உயர்வு. உண்மையில் அணி இருந்த இடத்திலேயே இருக்கிறது. எதிரணி ஓடி ஆடும் அணி, அவர்களோடு சேர்ந்து நாமும் ஓடினோம், அவ்வளவுதான். 24 விநாடிக்குள் எறியவேண்டும் என்று காட்டும் கடிகாரம் வைக்க வசதியில்லாத மைதானத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும், ஏனென்றால் பந்தை வைத்திருக்க விரும்பும் அணி வைத்துக்கொண்டே இருக்கும். உங்கள் 50-க்கும் 60-க்கும் இடையில் இருப்பது இதுவா என்று முதலில் பாருங்கள்.

பொசெஷனுக்கு எடுத்த புள்ளி உண்மையிலேயே கூடியிருக்கிறது என்று வைப்போம். எதனால் கூடியது? டீன் ஒலிவர் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர நிபுணர் 2004-இல் வெளியிட்ட நூலில் இதை நான்கு காரணிகளாகப் பிரித்தார். எறிகை, பறிகொடுத்தல், ரிபவுண்ட், ஃப்ரீ த்ரோ. முக்கியத்துவத்தில் சுமார் 40, 25, 20, 15 வீதம் என்று எடை கொடுத்தார். எறிகையை அளக்கும்போது மூன்று புள்ளிக் கூடையை ஒன்றரைக் கூடையாக எண்ணவேண்டும். இரண்டு புள்ளி எறிகைகள் 10-இல் 4 விழுத்தியவர் 8 புள்ளி தந்தார். மூன்று புள்ளி எறிகைகள் 10-இல் 3 விழுத்தியவர் 9 தந்தார். வெறும் வீதத்தில் முதலாமவர் திறம் என்று தோன்றும், பயனில் இரண்டாமவர்தான் திறம். இந்தப் பாகுபாடு எந்த மட்டத்து ஆட்டத்துக்கும் பொருந்தும். எடைகள் மாறலாம். பாடசாலை மட்டத்தில் பறிகொடுத்தலுக்கு 25-ஐவிட அதிகம் கொடுக்கவேண்டும் என்பது மேசையிலிருந்து பார்த்த என் அபிப்பிராயம்.

இனித்தான் முக்கியமான இடம். நான்கு காரணிகளும் ஒரே வேகத்தில் உண்மையைச் சொல்வதில்லை.

உங்கள் அணி ஆட்டத்துக்கு 15 த்ரீ எறிகிறது என்று வைப்போம். முதல் 3 ஆட்டத்தில் 45 எறிகை, பிந்திய 4-இல் 60. அணியின் உண்மையான திறன் 30 வீதம், அது மாறவே இல்லை என்றும் வைப்போம். அப்படியிருந்தும் இந்த இரண்டு தொகுதிகளுக்கும் இடையிலான வித்தியாசத்தின் நியம விலகல், அதாவது தற்செயலாக வழமையாக வரும் ஏற்ற இறக்கத்தின் அளவு, சுமார் 9 வீதப் புள்ளி வருகிறது. உயர்தரத்தில் படித்த ஈருறுப்புப் பரம்பல்தான், போட்டுப் பாருங்கள். ஆக, 22 வீதத்திலிருந்து 35 வீதத்துக்கு ஏறினாலும் அது ஒன்றரை நியம விலகலுக்கும் குறைவு. பிள்ளைகள் ஒன்றும் புதிதாகக் கற்காமலே அப்படி நடக்கும். அதே பிள்ளை, அதே கை, அதே 6.75 மீற்றர் கோடு.

பறிகொடுத்தலைப் பாருங்கள். அதற்கு ஒவ்வொரு பொசெஷனும் ஒரு சோதனை. 3 ஆட்டத்தில் 235 பொசெஷன், 4 ஆட்டத்தில் 320 என்று வைத்தால், வித்தியாசத்தின் நியம விலகல் 4 வீதப் புள்ளிக்கும் குறைவு. 100 பொசெஷனில் 31 தரம் பறிகொடுத்த அணி 22 தரம் மட்டும் பறிகொடுத்தால் அது இரண்டு நியம விலகலுக்கும் மேல். தற்செயலாக வருவது அரிது. இன்னொரு காரணமும் இருக்கிறது. எறிந்த பந்து வளையத்தில் பட்டு உள்ளே உருளுமா வெளியே உருளுமா என்பதை யாரும் கட்டுப்படுத்தமுடியாது. இரண்டு பேர் வந்து மூலையில் அடைக்கும்போது பந்தைத் தலைக்குமேல் தூக்கி எறிவதா, காலைத் திருப்பி நடுவில் நிற்பவருக்குக் கொடுப்பதா என்பது முடிவு. முடிவெடுப்பதைப் பழக்கலாம், பழகியது நிலைக்கும்.

ஒருமுறை ஓர் அணிக்கு இதே கொப்பிக் கணக்கைச் செய்தேன். பறிகொடுத்த ஒவ்வொரு பந்துக்கும் பக்கத்தில் இடத்தையும் ஒரு சொல்லில் எழுதச் சொல்லியிருந்தேன். மூன்றாம் ஆட்டம் முடிந்து கொப்பியைப் புரட்டினால் பாதிக்கு மேல் ஒரே இடம்: நடுக்கோட்டைத் தாண்டியவுடன், வலது பக்கக் கோட்டோரம். பந்தைக் கொண்டுவரும் பிள்ளை வலக்கையால் மட்டும் தட்டிவருவான், எதிரணி அவனை அந்தப் பக்கமே ஒதுக்கிவிடும். பின்புறம் நடுக்கோடு, ஒரு பக்கம் பக்கக் கோடு, முன்னால் இரண்டு பேர். பயிற்றுநர் அதற்குப் பிறகு செய்தது ஒன்றே ஒன்று. இன்னொரு பிள்ளையை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார், அவ்வளவுதான். அடுத்தடுத்த ஆட்டங்களில் அந்த இடத்தில் எழுதப்பட்ட சொற்கள் குறைந்துகொண்டே போனதை நானே கொப்பியில் பார்த்தேன். ஸ்கோர் பலகை அதைக் காட்ட இன்னும் சில ஆட்டம் எடுத்தது.

பாதுகாப்புப் பக்கத்துக்கும் இது பொருந்தும். பிந்திய 4 ஆட்டத்தில் எதிரணியின் த்ரீ விழாமல் போயிருந்தால் "எங்கள் டிஃபென்ஸ் இறுகிவிட்டது" என்று சொல்ல மனம் வரும். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் பொமெரோய் காட்டிய ஒரு விஷயம், எதிரணியின் த்ரீ வீதத்தின்மேல் பாதுகாக்கும் அணிக்கு இருக்கும் பிடி மிகக் குறைவு என்பது. எத்தனை த்ரீ எறியவிடுகிறோம் என்பதில்தான் பிடி இருக்கிறது. அதனால் வீதத்தை விட்டுவிட்டு எறிகைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

அடுத்தது, யாரோடு ஆடினீர்கள் என்பது. நான் பார்த்தவரையில் அதிகம் பேர் தவறுவது இங்கேதான். முதல் எதிரணி தன் மற்ற ஆட்டங்களில் சராசரியாக 55 புள்ளிதான் விட்டுக்கொடுக்கிறது, நீங்கள் 50 எடுத்தீர்கள் என்றால் உங்கள் கணக்கு சராசரிக்கு 5 கீழே. ஐந்தாம் எதிரணி எல்லாருக்கும் 70 விட்டுக்கொடுக்கிறது, நீங்கள் 64 எடுத்தீர்கள் என்றால் 6 கீழே. 50 பெரிதா, 64 பெரிதா? ஒவ்வோர் எதிரணியின் மற்ற முடிவுகளையும் எடுத்து, உங்களோடு ஆடிய ஆட்டத்தை நீக்கிவிட்டுச் சராசரி எடுங்கள். பிறகு அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே, கீழே என்று 7 ஆட்டத்துக்கும் எழுதுங்கள். பறிகொடுத்தலுக்கும் முடிந்தால் இதையே செய்யவேண்டும், முழு மைதானமும் அழுத்தி ஆடும் அணியிடம் எல்லாரும்தான் பந்தை இழப்பார்கள்.

அமெரிக்காவில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அங்கே கல்லூரி என்றால் பல்கலைக்கழகம், நம் ஊரில் பாடசாலையையே கல்லூரி என்கிறோம், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பருவம் நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். பெரிய பல்கலைக்கழகங்கள் முதல் சில கிழமைகளில் சிறிய பல்கலைக்கழகங்களைப் பணம் கொடுத்துத் தங்கள் அரங்குக்கே அழைத்து ஆடும். தொடர்ந்து வெல்லும். ஜனவரியில் தம் சொந்தக் குழுமத்துக்குள் ஆடத் தொடங்கியதும் வெற்றிகள் குறையும். அணி கெட்டுவிட்டது என்று இரசிகர்கள் குமுறுவார்கள். மாறியது எதிரணிகள். முதல் பிரிவில் 350-க்கு மேற்பட்ட ஆண்கள் அணிகள் இருப்பதால் எல்லாரும் எல்லாரோடும் ஆடமுடியாது, அதனால் எதிரணியின் பலத்தைச் சேர்க்காத எந்தத் தரவரிசையையும் அங்கே யாரும் மதிப்பதில்லை. பருவத் தொடக்கத்தில் ஆட்டங்கள் போதாது என்பதால் பொமெரோய் போன்றோர் போன வருட ஆட்டம், யார் திரும்பி வந்திருக்கிறார்கள் என்பவற்றை வைத்து ஒரு முன்மதிப்பீட்டோடு தொடங்குவார்கள். புதிய ஆட்டங்கள் சேரச் சேர அதன் எடை குறைந்துகொண்டே போகும். நீங்களும் மனதளவில் அதைச் செய்யலாம். போன வருடம் இந்தப் பிள்ளைகள் 17 வயதுப் பிரிவில் எப்படி ஆடினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் 3 ஆட்டம் அதற்கும் கீழே போயிருந்தால், அங்கிருந்து மேலே வருவது எப்படியும் நடக்கக்கூடியதுதான். இதை 1886-இல் பிரான்சிஸ் கோல்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை வைத்துக் காட்டினார். மிகவும் மோசமானதற்கு அடுத்து வருவது பெரும்பாலும் சராசரியை நோக்கியே வரும். மூன்றாம் ஆட்டத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு நன்றாக ஏசியதால்தான் திருந்தினார்கள் என்று யாராவது சொன்னால் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏசாமல் விட்டிருந்தாலும் கொஞ்சம் ஏறியிருப்பார்கள்.

திருகோணமலைக்கே உரிய ஒன்றையும் சேர்க்கவேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த யேசு சபை அடிகளார்கள் இங்கும் மட்டக்களப்பிலும் வேரூன்றவைத்த விளையாட்டு இது, ஆனால் இங்கே பெரும்பாலும் திறந்த வெளியில்தான் ஆடுகிறோம். ஆனி, ஆடியில் பின்னேரம் கச்சான் காற்று அடிக்கும்போது தூர எறிகை எப்படி வளையும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பந்து கையை விட்டுப் போகும்போது சரியாகத்தான் போகும், வளையத்துக்குக் கிட்ட ஒரு சாண் நகர்ந்துவிடும். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறுவதால் இரண்டு அணிக்கும் பாதிப்பு ஒன்றுதான், ஆனால் இருவரின் எறிகை வீதமும் சேர்ந்து இறங்கும். அதனால் காற்றடித்த நாளின் எறிகையைக் காற்றில்லாத நாளின் எறிகையோடு ஒப்பிடாதீர்கள். அதே ஆட்டத்தில் எதிரணி எறிந்ததோடு ஒப்பிடுங்கள். கொப்பியின் மேல் ஓரத்தில் "காற்று", "மழை ஈரம்", "உள்ளரங்கு" என்று ஒரு சொல் எழுதிவைத்தால் பிறகு உதவும்.

இவ்வளவும் செய்தபின், தற்செயலா இல்லையா என்று கையாலேயே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். எதிரணிக்கு ஏற்பத் திருத்திய 7 எண்களையும் 7 துண்டுக் கடதாசிகளில் எழுதுங்கள். 7-இல் 3-ஐத் தெரிவுசெய்ய 35 வழிகள் இருக்கின்றன. அணியில் எந்த மாற்றமும் இல்லை, ஏற்ற இறக்கம் எல்லாம் தற்செயல்தான் என்றால், 7-இல் மிக மோசமான மூன்றும் முதல் மூன்று ஆட்டங்களாகவே அமைய நிகழ்தகவு 35-இல் 1, அதாவது 3 வீதத்துக்குக் கிட்ட. உங்கள் முதல் மூன்றும் அப்படி அமைந்திருந்தால் அதைத் தற்செயல் என்று தள்ளுவது கடினம். அமையாமல், இரண்டாம் ஆட்டம் நன்றாகவும் ஆறாம் ஆட்டம் மோசமாகவும் இருந்தால், 35 வழியிலும் எத்தனை வழியில் இந்தளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் வருகிறது என்று எண்ணுங்கள். பிள்ளைகளைக் கொண்டே எண்ணவைக்கலாம், உயர்தரக் கணிதம் படிப்பவன் ஒருவனாவது அணியில் இருப்பான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மூன்றாம் ஆட்டத்துக்குப் பிறகு கோடு போட்டுப் பருவத்தை இரண்டாகப் பிரித்தது ஏன்? தோல்விகள் அங்கே முடிந்ததால்தானே. முடிவைப் பார்த்தபிறகு கோடு போட்டால், 7 ஆட்டங்களுக்கு இடையிலுள்ள 6 இடங்களில் நல்ல இடத்தைத் தேடி எடுத்தோம் என்று ஆகிவிடும். அந்த 3 வீதத்தை அப்படியே எடுக்கமுடியாது. ஆனால் மூன்றாம் ஆட்டத்துக்குப் பிறகு பயிற்சியில் ஏதாவது மாற்றியிருந்தால், அல்லது கணுக்கால் சுளுக்கோடு இருந்த ஒரு பிள்ளை அப்போதுதான் திரும்பி வந்திருந்தால், கோட்டுக்கு ஆட்டத்துக்கு வெளியே ஒரு காரணம் கிடைக்கிறது, சோதனைக்கும் பொருள் இருக்கும். அப்படி ஒரு பிள்ளை திரும்பி வந்திருந்தால், அவர் மைதானத்தில் இருந்த நிமிடங்களையும் வெளியே இருந்த நிமிடங்களையும் தனித்தனியே எண்ணுங்கள். அவர் வெளியே இருக்கும்போதும் மற்றவர்கள் பந்தைப் பறிகொடுப்பது குறைந்திருந்தால், அணி கற்றிருக்கிறது.

வெற்றி தோல்வியை நான் இதுவரை தொடாததைக் கவனித்திருப்பீர்கள். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் எதிர்பார்த்த புள்ளி வித்தியாசத்துக்கும் நடந்ததற்கும் இடையிலான நியம விலகல் 11 புள்ளியளவு. நம் ஆட்டங்களுக்கும் அதையே வைத்தால், 3 ஆட்டச் சராசரிக்கும் 4 ஆட்டச் சராசரிக்கும் இடையிலான வித்தியாசத்தின் நியம விலகல் சுமார் 8.4 புள்ளி. வெற்றி வித்தியாசத்தில் அதன் இரண்டு மடங்கு, அதாவது 17 புள்ளியளவு ஏற்றம் இருந்தால்தான் அதை மட்டும் வைத்துத் துணிந்து பேசலாம். அந்த 3 வெற்றிகளில் 2 புள்ளியால் வென்றது எத்தனை என்றும் பாருங்கள்.

உங்களிடம் இப்போது இருப்பது 7 ஸ்கோர் ஷீட்களும் ஞாபகமும். ஞாபகத்திலிருந்து பறிகொடுத்தலை எழுதவேண்டாம், தோற்ற ஆட்டத்தில் கூட்டியும் வென்ற ஆட்டத்தில் குறைத்தும் எழுதிவிடுவோம், நானும் அப்படிச் செய்திருக்கிறேன். தாள்களிலிருந்து ஃப்ரீ த்ரோக்களையும் கால்பகுதிவாரிப் புள்ளிகளையும் எடுங்கள். முழுதாகப் பதிந்த காணொளி முதல் மூன்றில் ஒன்றுக்கும் பிந்திய நான்கில் ஒன்றுக்கும் கிடைத்தால், அந்த இரண்டையும் முதலில் எண்ணுங்கள். எட்டாம் ஆட்டத்திலிருந்து கொப்பி பெஞ்சில் இருக்கட்டும். எண்கள் கைக்கு வந்ததும் எழுதுங்கள், பறிகொடுத்த இடங்களைக் கீறிய பக்கத்தின் படத்தையும் சேர்த்து. அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.